வாயில் வராத வரி

பங்குச் சாமியாரைக் கூட்டிவரும்படி சவுரிராயன் சொன்ன முதல் நாளே ஜெயம் ஒரு பச்சைப் பொய்யைச் சொல்லிவிட்டாள்.

"அவரு ஊர்ல இல்லயாம்யா. எங்கயோ தியானத்துக்குப் போயிருக்காராம். வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆவுமாம்."

சொல்லும்போது புருஷன் முகத்தை அவள் பார்க்கவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த சொம்பை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னொரு தடவை அலசக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் சவுரிராயனுடையது. ஆள் கொத்தனார். திண்டிவனத்துக்கு மேற்கே அவர்கள் இருக்கிற தெருவில் பாதி வீட்டுச் சுவர் அவன் எழுப்பியது. மஞ்சள்காமாலை என்று ஆரம்பித்து, நாட்டு மருந்து, பத்தியம் என்று இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் ஈரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. ஊசி போட்டு எடுப்பார்கள். நாலு நாளில் மறுபடி பானை மாதிரி ஏறிவிடும். ஒரு சொட்டு குடிக்காத மனிதனுக்கு இப்படி ஒரு வியாதியா என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பதில் அவளிடம் இருக்கிற மாதிரி ஜெயத்தின் முகத்தையே பார்த்தார்கள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

சாமியாரைக் கூப்பிடுவதில் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்பவர்கள் அந்தத் தெருவில் பிறந்தவர்களாக இருக்க முடியாது. நோயாளியின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசிச் செபிக்கிற கத்தோலிக்கச் சடங்கு அது. கோயிலில் இப்போது அதற்கு நோயில்பூசுதல் என்று பதமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தெருவில் இன்னும் பழைய பெயர்தான்: அவஸ்தை பூசுதல். ஜெயத்தின் அப்பாவுக்குப் பூசினார்கள், எண்ணெய் காய்வதற்குள் போய்ச் சேர்ந்தார். மாமியாருக்குப் பூசினார்கள், சாமியாரின் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஒப்பாரி கிளம்பிவிட்டது. கொழுந்தன் பிரான்சிஸுக்குப் பூசிக்கொண்டிருக்கும்போதே கண் நிலைகுத்திவிட்டது. மேல்மூச்சு வாங்குகிற வரைக்கும் பொத்திப் பொத்தி வைத்திருந்து, அதற்கப்புறம் விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் போய்ச் சாமியாரைக் கூட்டிவந்தால் வேறென்ன நடக்கும்? ஆனால் அதை அப்படி யோசித்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. எண்ணெய்ச் சிமிழோடு சாமியார் ஒரு வீட்டுப் படி ஏறினால் அந்த வீட்டிலிருந்து ஒரு பாடை இறங்கும். இதுதான் அவர்கள் கண்ட சத்தியம்.

ஆகவே ஜெயம் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எண்ணெய் வராத வரைக்கும் சாவும் வராது. அவளால் டாக்டரோடு வாதாட முடியாது, ஈரலோடு மல்லுக்கட்ட முடியாது. ஆனால் ஒரு சாமியாரை வாசலிலேயே மறித்து நிறுத்த முடியும். அந்த ஒன்றையாவது உயிரைக் கொடுத்துச் செய்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அவன் மறுபடி கேட்டான். "ஒரு போன் போட்டுப் பாரேன்."

"போட்டேன்யா. சுவிட்ச் ஆஃப்."

மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே கேட்டான். "ஊருல இருக்கிற செவுத்துக்கெல்லாம் நான் பூசுனேன். எனக்கு ரெண்டு சொட்டு எண்ண பூச ஆளில்லாம போச்சே, ஜெயம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரை வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவன் ஒவ்வொரு தடவையும் 'சரி' என்றுதான் சொன்னான். அந்த 'சரி'தான் அவளைக் கொன்றது.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை அவள் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் பெட்டியில் இருந்தன. மகள் அன்புச்செல்வி ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவள், லீவு கிடைத்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் டிராக்டரிலிருந்து விழுந்து கால் உடைந்த முருகையன் படுத்திருந்தார். அவர் பெண்சாதி அஞ்சம்மாள், திருவக்கரைப் பக்கம் நிலம் நீச்சோடு இருக்கிறவள். வக்கிரகாளியம்மன் குங்குமத்தைப் புருஷன் தலையணைக்கடியில் மடித்து வைத்திருந்தாள். தினம் காலையில் அதில் ஒரு சிட்டிகை எடுத்து அவர் நெற்றியில் இடும்போதெல்லாம் ஜெயத்துக்குப் பொறாமையாக இருக்கும். அந்தக் குங்குமத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

"அக்கா, ஒரு கண்ணு இந்தப் பக்கமும் வெச்சிக்க. நான் ஜல்தியா போயிட்டு வந்துர்றேன். யாரு வந்து கேட்டாலும் தூங்குறாருன்னு சொல்லிடு."

"நீ போம்மா. நான் இன்னா ஓடியா போயிடப் போறேன்" என்றாள் அஞ்சம்மாள்.

ஜெயம் திரும்பி வந்தபோது மணி நாலாகிவிட்டது. சவுரிராயன் நிமிர்ந்து படுத்திருந்தான். ஜன்னல் வெயில் அவன் முகத்தில் விழுந்து நெற்றி பளபளவென்று இருந்தது.

"இன்னாயா இது, நெத்தி பூரா எண்ண பிசுக்கு?"

"தல காந்துச்சுன்னு கொஞ்சம் எண்ண கேட்டேன். அக்காதான் குடுத்துச்சி."

அஞ்சம்மாள் அந்த நேரம் பார்த்து முருகையனின் போர்வையை உதறி உதறிச் சரிசெய்தாள். ஜெயம் முந்தானையால் அவன் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். உள்ளங்கையும் வழவழவென்றிருந்தது, அதையும் துடைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளை மாதிரி கையை அவளிடம் விட்டுவிட்டு இருந்தான்.

அன்றையிலிருந்து அவன் சாமியாரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஜெயத்துக்கு முதலில் நம்ப முடியவில்லை. அப்புறம் மெல்ல நிம்மதி வந்தது. மறந்துவிட்டான் என்று நினைத்தாள். இல்லை, பிழைத்துவிடுவோம் என்று அவனுக்கே தைரியம் வந்துவிட்டது போல என்று நினைத்தாள். நாள் போகப் போக அவளுக்கும் தைரியம் ஏறியது. எண்ணெய் வரவில்லை, அவனும் போகவில்லை. பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று யாரிடமோ ஜெயித்துக் காட்டுகிற மாதிரி வார்டுக்குள் நடந்தாள்.

செபத்தை மட்டும் அவள் விடவில்லை. தினமும் சாயங்காலம் கட்டிலில் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் செபமாலை சொல்வார்கள். அதில் பரலோக மந்திரம் வரும். ஆண்டவனின் விருப்பப்படியே நடக்கட்டும் என்று ஒரு வரி அதில் உண்டு. சிறுபிள்ளையிலிருந்து லட்சம் தடவை சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அந்த இடம் வந்தால் இருமுவாள், இல்லை சொம்பை நகர்த்தி வைப்பாள். அவன் மட்டும் அந்த வரியைச் சொல்வான். அடுத்த வரிக்கு அவள் வந்து சேர்ந்துகொள்வாள். தெரிந்தே கையெழுத்துப் போட அவள் என்ன பைத்தியமா? ஆண்டவன் விருப்பம் என்னவென்று யார் கண்டது.

அடுத்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து கஞ்சி இறங்கவில்லை. புதன்கிழமை மறுபடி நீர் எடுக்கப் பார்த்துவிட்டு, உடம்பு தாங்காது என்று நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா ஜெயத்தைத் தனியாகக் கூப்பிட்டாள். நல்ல மாதிரியான பெண். சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு முன்னால் ஜெயத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நாங்க செய்யறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லம்மா. வலி இல்லாம பாத்துக்கலாம். மகளை வரச் சொல்லிடுங்க."

அன்புச்செல்வி புதன்கிழமை சாயங்காலமே வந்துவிட்டாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் சவுரிராயன் தண்ணீர் கேட்டான். ஜெயம் ஸ்பூனால் வாயில் விட்டாள். அது உள்ளே போகாமல் கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. அவன் கண்ணாலேயே 'பரவாயில்லை' என்றான்.

அந்த நிமிஷம்தான் ஜெயம் உடைந்தாள். காவல் காத்து என்ன கண்டாள்? சாமியார் வரவில்லை, ஆனாலும் இவன் போய்க்கொண்டுதான் இருந்தான். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதன் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டவன் இல்லை. ஆறின கேப்பைக்கூழைக் கொடுத்தாலும் குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறிவிடுவான். வாயைத் திறந்து கேட்டது இந்த ஒன்றைத்தான். அதையும் கொடுக்காமல் பொய் சொல்லி ஏமாற்றினோமே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பாப்பா, அப்பாவப் பாத்துக்க. நான் திண்டிவனம் போயி சாமியாரக் கூட்டிக்கினு வர்றேன்."

அன்புச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அவளும் அந்தத் தெருவில் வளர்ந்தவள்தானே. "வேணாம்மா" என்று சொல்ல வந்தவள் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜெயத்துக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி டோல்கேட், கூட்டேரிப்பட்டு என்று ஒவ்வொன்றாகப் போயின. நானே போய் எமனைக் கூட்டிவருகிறேன் என்று ஒரு மனம் சொன்னது. சீக்கிரம் போ, சாமியார் வருவதற்குள் அவன் போய்விட்டால் என்ன செய்வாய் என்று இன்னொரு மனம் அடித்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தாள். ஆண்டவனிடம் எதையாவது கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

பங்குச் சாமியார் ஆனந்தராஜ் கோயிலை ஒட்டிய வீட்டு வராந்தாவில் கைலியோடு உட்கார்ந்து, முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஜெயத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தார். மடியிலிருந்த ஓடெல்லாம் சிதறியது.

"இன்னாம்மா, சவுரி அண்ணன்..."

"இருக்காரு சாமி. நீங்க வாங்க. அவஸ்த பூசணும். கேட்டுக்கினே இருந்தாரு, நான்தான் பாவி, உங்களக் கூப்புடாம பொய் சொல்லிட்டேன். தியானத்துக்குப் போயிட்டீங்கன்னு சொல்லிட்டேன். இப்ப வாங்க சாமி. பஸ்ஸு நிக்கிது."

சாமியார் நகரவில்லை. அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நான் வந்து பூசிட்டேம்மா" என்றார்.

"எப்ப?"

"போன வாரம் செவ்வாக்கிழம. அண்ணன்தான் போன் பண்ணாரு. பக்கத்துக் கட்டில் அம்மா போன்லருந்து. நீ ஊருக்குப் போயிருக்கேன்னு சொன்னாரு. நற்கருணை நன்மையும் வாங்கிக்கினாரு."

ஜெயத்துக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் அந்த நெற்றி நினைவுக்கு வந்தது. ஜன்னல் வெயிலில் பளபளத்த நெற்றி. வழவழவென்றிருந்த உள்ளங்கை. முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தது. அவள் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அவ்ளோ காவல் காத்துக்கினு இருந்தேனே சாமி. எந்த வழியா வந்தீங்க?"

"வார்டு வாசல் வழியாத்தாம்மா. பார்வை நேரத்துல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வேணாம்னு அண்ணன்தான் சொன்னாரு. எண்ணெய்னு கேட்டாலே அவ உசுர விட்டுருவா, அவளா மனசு வந்து உங்களத் தேடி வர்ற அன்னிக்குச் சொல்லுங்க சாமின்னாரு."

ஒன்பது நாள். பூசி ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. எண்ணெய் வராததால்தான் உயிரோடு இருக்கிறான் என்று அவள் மார்தட்டிக்கொண்டு திரிந்த நாளெல்லாம் எண்ணெய் பூசப்பட்டவனாகத்தான் அவன் படுத்திருந்தான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்த ஆத்திரத்துக்குள்ளேயே ஒரு ஆசை தலையை நீட்டியது.

"அப்பிடின்னா, பூசியும் ஒம்போது நாளு இருந்திருக்காரு. அப்ப பொழச்சிக்குவாரா சாமி?"

அவர் முறத்தைப் பார்த்தார். "தெரியலம்மா."

"ஆண்டவரு நெனச்சா முடியாதா?"

"முடியும்."

"அப்புறம் ஏன் செய்யல?"

கோயில் பிரசங்கத்தில் மூச்சுவிடாமல் பேசுகிற மனிதர் அவர். அன்றைக்கு முறத்தைத் தள்ளி வைத்தார். "அத அவரு எங்கிட்டச் சொல்லலம்மா. சொன்னா உன்னாண்ட மறைக்க மாட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் ஜெயத்துக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. இவருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்கிறார்கள்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றார் சாமியார். "பூசி முடிச்சதும் அண்ணன் என் கையப் பிடிச்சிக்கினு, எனக்குப் பயம் போயிடுச்சு சாமி, அவளுக்குத்தான் போவல, அவளுக்காக ஒரு பூசை வையுங்கன்னாரு. அன்னியிலருந்து காலைப் பூசையில நோயாளிங்களுக்காக வேண்டிக்கிற எடத்துல உம் பேரத்தான் வாசிக்கிறோம். ஜெயம்னு. கோயிலே வேண்டிக்கிது."

படுத்துக் கிடப்பவன் அவன். நோயாளி என்று பேர் வாசித்தது அவளுக்கு. ஜெயம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சாமியார் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சிதறின ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். போகும்போது, "நாளைக்குக் காலைல நன்மை எடுத்துக்கினு வர்றேன், உனக்கும் சேத்து" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. அவன் நெற்றியைத் துடைத்த அன்றைக்குக் கட்டியிருந்த அதே நீலப் புடவைதான் இன்றைக்கும். இரண்டு தடவை துவைத்தாகிவிட்டது. ஆனாலும் முந்தானையின் ஓரத்தில் கொஞ்சம் கருத்து ஒரு கறை போகாமல் இருந்தது. அந்த இடத்தை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் நின்றாள்.

வார்டுக்குள் நுழைந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். அஞ்சம்மாள் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகத்தைப் பார்த்தே விஷயம் வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

"என்ன ஏசிக்கம்மா. அந்தாளு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாரு, நான் இன்னா பண்ணுவேன்."

"உன்ன ஏசி இன்னாக்கா ஆவப் போவுது" என்றாள் ஜெயம். நிஜமாகவே அவளுக்கு யாரையும் ஏசத் தெம்பில்லை.

சவுரிராயன் விழித்திருந்தான். மகள் தலையணையை உயர்த்தி வைத்திருந்தாள். ஜெயம் கால்மாட்டில் உட்காராமல் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"போனியா?" என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"போனேன்."

"சொன்னாரா?"

"சொன்னாரு." அவன் நெற்றியில் கை வைத்தாள். "நான் தொடச்சிட்டேனேயா. தெரியாம அழுத்தித் தொடச்சிட்டேனே."

"தொடச்சா போயிடுமா அது" என்றான். சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது. இருமி ஓய்ந்ததும் கையைத் தூக்கினான். விரலில் செபமாலை சுற்றியிருந்தது. நேரமாகிவிட்டது, ஆரம்பி என்று அர்த்தம்.

அன்புச்செல்வியும் முட்டி போட்டாள். ஜெயம் பரலோக மந்திரத்தை ஆரம்பித்தாள். அவன் உதடு கூடவே அசைந்தது. பெயரைப் போற்றுகிற இடம் போனது. அரசு வரட்டும் என்கிற இடமும் போனது. அந்த வரி வந்தபோது ஜெயம் வழக்கம்போல் நிறுத்திக்கொண்டாள். இத்தனை நாளும் அந்த இடத்தில் அவன் குரல் தனியாகப் போகும். இன்றைக்கு அது வரவில்லை. அவனுக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தான், சத்தம் எழும்பவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கண் மட்டும் அவள்மேல் இருந்தது. மகளுக்கு அம்மா ஏன் நிறுத்தினாள் என்று தெரியாது. அவளும் காத்திருந்தாள்.

இருமல் வரவில்லை ஜெயத்துக்கு. நகர்த்தி வைக்கச் சொம்பும் பக்கத்தில் இல்லை. யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். வேண்டாம், முடியாது, என்னால் ஆகாது என்று உள்ளே எல்லாம் கத்தியது. அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் பிடுங்கி அந்த வரியைச் சொன்னாள். ஒப்புக்கொண்டு சொன்னாளா என்றால், இல்லை. அழுதுகொண்டு சொன்னாள். இதற்கு மேல் பிடித்துக்கொள்ள அவளிடம் வேறெதுவும் இல்லாததால் சொன்னாள்.

சவுரிராயன் கண்ணை மூடினான். மூச்சு கொஞ்சம் சீரானது.

அதற்கடுத்து வருவது அன்றன்றைக்கு வேண்டிய சாப்பாட்டைக் கேட்கிற வரி. நாலு நாளாக ஒரு வாய் கஞ்சி இறங்காத மனிதன், அதைத் தானே சொன்னான்.